மெனு இல்லாத பாரில் என்ன கேட்பது?

நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில், எல்ட்ரிட்ஜ் தெருவில் 134ஆம் எண் கட்டடத்தைத் தேடிப் போகிறவர்கள் முதல் தடவை அதைக் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். ஒரு இரும்புக் கதவு. பக்கத்து ஜன்னலில் தையல், ஆல்டரேஷன் என்று பழைய எழுத்து. கதவைத் தட்டினால் ஒருவர் வந்து எத்தனை பேர் என்று கேட்பார். உள்ளே இடம் இல்லையென்றால் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, காலியானதும் சொல்கிறேன் என்று அனுப்பிவிடுவார். முன்பதிவெல்லாம் கிடையாது. இதுதான் அட்டாபாய் என்ற காக்டெயில் பார். வட அமெரிக்காவின் சிறந்த 50 பார்கள் என்ற பட்டியல் 2022இல் முதன்முதலாக வெளிவந்தபோது முதலிடத்தில் இருந்தது இந்தச் சின்ன இடம்தான்.

உள்ளே போய் உட்கார்ந்தால் இன்னொரு ஆச்சரியம்: மெனு இல்லை. பார்டெண்டர் தண்ணீர் கிளாஸை வைத்துவிட்டு "என்ன மாதிரி குடிக்கலாம் என்று நினைக்கிறீர்கள்?" என்பார். அவ்வளவுதான். பந்தா எதுவும் இல்லாத கேள்வி; ஆனால் நம்மில் பலருக்கு இந்த இடத்தில்தான் வாயடைத்துப் போகும்.

இந்த ஏற்பாட்டுக்கு அங்கே பார்டெண்டர்ஸ் சாய்ஸ் என்று பெயர். டீலர்ஸ் சாய்ஸ் என்றும் சொல்வார்கள். சீட்டாட்டத்தில் சீட்டைப் பிரித்துப் போடுகிறவரே என்ன ஆட்டம் என்று தீர்மானிப்பதிலிருந்து வந்த சொல். நீங்கள் உங்கள் விருப்பத்தைச் சொல்லுங்கள், பானத்தை அவர் தீர்மானிப்பார். பல ஊர்களில் தெருமுனைப் பார்களில்கூட இன்று இது கிடைக்கிறது. மெனு இருக்கும் இடத்திலும் அதை மூடி வைத்துவிட்டு இப்படிக் கேட்கலாம்.

பார் என்றதும் டாஸ்மாக் கடைக்குப் பக்கத்துக் கொட்டகையும், பிளாஸ்டிக் டம்ளரும், சுண்டலும் நினைவுக்கு வந்தால் அதில் தப்பில்லை. அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் அதுதான் பொருள். இங்கே பேசுவது வேறு வகை. சமையலறை மாதிரி நடக்கிற இடம். குடிக்காதவர்களும் அப்படியே படிக்கலாம், ஏனென்றால் இதில் பாதி விஷயம் புளிப்பையும் இனிப்பையும் பற்றியது.

சரி, மெனு இல்லாமல் எப்படிச் செய்கிறார்கள்? ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிறார்களா? இல்லை. தையற்காரர் உங்களுக்காகச் சட்டை என்ற ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடிப்பதில்லையே. அவர் கையில் ஏழெட்டு வெட்டு இருக்கிறது. உங்கள் அளவுக்கு அதில் ஒன்றை எடுத்து, தோளில் கொஞ்சம், கையில் கொஞ்சம் மாற்றுகிறார். பார்டெண்டர் செய்வதும் அதேதான். (அந்த ஜன்னலில் ஆல்டரேஷன் என்ற எழுத்தை அழிக்காமல் விட்டுவைத்தது எதற்காகவோ, பொருத்தமாகத்தான் இருக்கிறது.)

அந்த அடிப்படை வெட்டுகள் என்னென்ன என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

மிகப் பழையது ஓல்டு ஃபேஷண்டு. 1806 மே மாதம், நியூயார்க் மாநிலத்து ஹட்சன் நகரப் பத்திரிகை ஒன்றில் ஒரு வாசகர் காக்டெயில் என்றால் என்ன என்று கேட்க, ஆசிரியர் பதில் எழுதினார்: ஏதாவது ஒரு மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ். அந்த நான்கும்தான் இன்றைக்கும் ஓல்டு ஃபேஷண்டு. 60 மில்லி விஸ்கி, கொஞ்சம் சர்க்கரை, ஐஸ் உருகி வரும் தண்ணீர், இரண்டு மூன்று சொட்டு பிட்டர்ஸ். பிட்டர்ஸ் என்பது வேர், பட்டை, மசாலாவையெல்லாம் சாராயத்தில் ஊறவைத்து எடுத்த கசப்புச் சாறு. பிரபலமான அங்கோஸ்துராவை 1824இல் வெனிசுவேலாவில் இருந்த ஒரு ஜெர்மானிய மருத்துவர் வயிற்றுக்கு மருந்தாகத்தான் செய்தார். இப்போது அது டிரினிடாடில் தயாராகிறது. சாம்பாரில் பெருங்காயம் என்ன வேலை பார்க்கிறதோ அதைத்தான் இது கிளாஸுக்குள் பார்க்கிறது. தனியாக நாக்கில் வைத்தால் முகம் சுளிக்கும், போடாமல் விட்டால் எதுவோ குறைகிறது என்று தோன்றும்.

அடுத்தது சவர் குடும்பம். மது, எலுமிச்சை, இனிப்பு. 60 மில்லி மதுவுக்கு 22 மில்லி எலுமிச்சைச் சாறு, 22 மில்லி சர்க்கரைப் பாகு என்பது பல பார்களில் கைப்பழக்கமாகிவிட்ட கணக்கு. ரம் ஊற்றினால் டைக்கிரி. விஸ்கி ஊற்றினால் விஸ்கி சவர். டெக்கிலாவோடு, பாகுக்குப் பதில் ஆரஞ்சு லிக்கர் என்ற இனிப்பு மதுவைச் சேர்த்தால் மார்கரிட்டா. இதையே உயரமான கிளாஸில் ஐஸ் போட்டு சோடா ஊற்றி நீட்டினால் காலின்ஸ். எலுமிச்சையை எடுத்துவிட்டு வெர்மூத் என்ற மூலிகை ஒயினைச் சேர்த்தால் மான்ஹாட்டன், மார்ட்டினி பக்கம் போய்விடுவோம். ஜின், காம்பாரி என்ற கசப்பு மது, இனிப்பு வெர்மூத் மூன்றையும் சம அளவில் கலந்தால் நெக்ரோனி. இன்னும் இரண்டு மூன்று வகை உண்டு, முதல் நாளைக்கு இது போதும்.

இந்தச் சட்டகங்களில் ஒரு உறுப்பைக் கழற்றிவிட்டு அதே வேலை செய்யும் வேறொன்றை மாட்டுவதை, நியூயார்க் பார்டெண்டர் ஃபில் வார்டு மிஸ்டர் பொட்டேட்டோ ஹெட் என்று விளையாட்டாகச் சொல்வார். மூக்கு, காது, மீசையை மாற்றி மாற்றிச் செருகும் உருளைக்கிழங்குப் பொம்மையின் பெயர் அது. 2007இல் அவர் செய்த ஒஹாக்கா ஓல்டு ஃபேஷண்டு அப்படிப் பிறந்ததுதான்: விஸ்கிக்குப் பதில் டெக்கிலாவும், மெஸ்கல் என்ற புகை வாசமுள்ள மெக்சிகோ மது கொஞ்சமும், சர்க்கரைக்குப் பதில் கற்றாழை போலத் தோன்றும் அகாவேச் செடியின் பாகு. பிட்டர்ஸ் இருந்த இடத்திலேயே இருந்தது.

இன்னும் நல்ல உதாரணம் ஒன்று அதே எல்ட்ரிட்ஜ் தெரு முகவரியிலேயே இருக்கிறது. அட்டாபாய் வருவதற்கு முன் அங்கே இருந்தது மில்க் அண்ட் ஹனி என்ற பார். அதை நடத்தியவர் சாஷா பெட்ராஸ்கி. அவருடைய நண்பர் டி. ஜே. சீகல், விஸ்கி சவரில் சர்க்கரைப் பாகை எடுத்துவிட்டுத் தேன் பாகைப் போடச் செய்தார். தேன் அடர்த்தியானது, தனக்கென்று ஒரு மணம் உள்ளது. போர்பன் விஸ்கியோடு சேர்ந்ததும் பானமே வேறாகிவிட்டது. கோல்டு ரஷ் என்று பெயர் வந்தது. பிறகு 2005 வாக்கில் அதே பாரில் வேலை பார்த்த ஆஸ்திரேலியர் சாம் ராஸ் இன்னும் இரண்டு உறுப்புகளை மாற்றினார். போர்பனுக்குப் பதில் ஸ்காட்ச். தேனோடு இஞ்சி. எல்லாம் முடிந்த பிறகு மேலே புகை வாசம் அடிக்கும் ஐலா தீவு ஸ்காட்ச் ஒரு ஏழு மில்லி, கலக்காமல் மிதக்கவிட்டார். பெயர் பெனிசிலின். இருமலுக்குப் பாட்டி கொடுத்த இஞ்சிச் சாறும் தேனும் நினைவிருந்தால் அந்தப் பெயரின் குறும்பு நமக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் நன்றாகவே புரியும். இன்று உலகத்தில் எந்த நல்ல காக்டெயில் பாரிலும் பெனிசிலின் என்றால் செய்து கொடுப்பார்கள்.

ஆக, உங்களுக்கென்றே செய்த பானம் என்பது பெரும்பாலும் பழைய வெட்டு ஒன்றில் இரண்டு தையல் மாற்றம். அந்த இரண்டு தையல் எங்கே விழ வேண்டும் என்று சொல்லும் பொறுப்பு உங்களுடையது. அதில்தான் நான் சறுக்கினேன்.

சில வருஷத்துக்கு முன்னால், இதே நகரத்தில் வேறொரு பார். பெயர் வேண்டாம், தப்பு என் மேல். உடன் வந்த மதுரை நண்பன் "டேய், பேசாம பீர் சொல்லிட்டு உட்காரு" என்றான். நான் கேட்கவில்லை. பார்டெண்டர் என்ன வேண்டும் என்றதும், வீறாப்பாக இரண்டே விஷயம் சொன்னேன்: ஸ்ட்ராங்காக இருக்கட்டும், இனிப்பு வேண்டாம். வந்தது ஒரு சின்னக் கிளாஸ். மெஸ்கல் புகையும் கசப்பு லிக்கரும், சாறு என்று ஒரு துளி இல்லை. முதல் மடக்கில் தொண்டை எரிந்து கண்ணில் தண்ணீர். நண்பன் பீரைக் குடித்துக்கொண்டே என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பிற்பாடு யோசித்தபோதுதான் விளங்கியது. நமக்கு ஸ்ட்ராங் என்றால் ஸ்ட்ராங் காபி. டிகாக்‌ஷன் தூக்கலாக, சுவை அழுத்தமாக இருக்க வேண்டும் என்று பொருள். பாரில் ஸ்ட்ராங் என்றால் மது அதிகம், தண்ணீரும் சாறும் குறைவு என்று பொருள். நான் கேட்டது ஒன்று, அவர் காதில் விழுந்தது வேறொன்று. அவர் செய்தது சரிதான்.

இனிப்பு வேண்டாம் என்பது இன்னொரு வம்பு. இதைச் சொல்லாத வாடிக்கையாளரே கிடையாது என்று பார்டெண்டர்கள் சிரிப்பார்கள். திகட்டக்கூடாது என்பதுதான் நாம் சொல்ல வருவது. இனிப்பே இருக்கக்கூடாது என்பதில்லை. பாகு போடாத சவர் வெறும் எலுமிச்சைச் சாறும் சாராயமும். வத்தக்குழம்பில் துளி வெல்லம் போடுகிறோம். அது இனிப்பதற்காக இல்லை, புளிப்பின் முனையை மழுக்க. அதனால் "புளிப்பு முன்னால் நிற்கட்டும், இனிப்பு பின்னால் இருக்கட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகம் மலரும்.

அப்புறம் எப்படித்தான் பேசுவது? முதலில் மதுவின் வகை. ஜின், ரம், விஸ்கி, டெக்கிலா, எது பிடிக்கும், அதைவிட முக்கியமாக எது பிடிக்காது. கல்லூரி நாட்களில் மலிவு ரம் குடித்து ஒரு ராத்திரி முழுக்க வாந்தி எடுத்தவருக்கு ரம் வாசம் இன்றைக்கும் ஆகாது. அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். மதுவைப் பற்றி எதுவுமே தெரியாவிட்டாலும் குற்றமில்லை, சாப்பாட்டை வைத்துப் பேசலாம். மாங்காயில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவிச் சாப்பிடப் பிடிக்கும் என்றால் டெக்கிலா, எலுமிச்சை, உப்பு, கொஞ்சம் காரம் என்று அவர் மனசுக்குள் கணக்குப் போட்டுவிடுவார். பால் போடாத காபியும் கறுப்புச் சாக்லேட்டும் பிடிக்கும் என்றால் ஓல்டு ஃபேஷண்டு பக்கம் நகர்வார்.

அடுத்தது அடர்த்தி. தாகத்துக்கு நீளமாக, சோடாவோடு, குளுகுளுவென்று வேண்டுமா, இல்லை சின்னக் கிளாஸில் ஒரு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டிருக்க வேண்டுமா? புளிப்பா, கசப்பா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டால் எந்தச் சட்டகம் என்பது ஏறக்குறைய முடிவாகிவிடும். கசப்பைக் கேட்டுப் பார்க்கச் சொல்வேன். சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூவைப் போட்டுச் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு நெக்ரோனி அந்நியமாக இருக்காது. அறுசுவையில் கைப்புக்கும் துவர்ப்புக்கும் இடம் வைத்த சாப்பாடு நம்முடையது. கசப்பு வேண்டாம் என்று முதலிலேயே கையைத் தூக்குவது எனக்கு எப்போதும் கொஞ்சம் வருத்தமாகவே இருக்கும்.

கடைசியாக, ஆகாதவை. இது நம் ஆட்களுக்கு ரொம்ப முக்கியம், யாரும் சொல்வதில்லை. சவர் வகையில் மேலே வெள்ளை நுரை நிற்க வேண்டும் என்று முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்ப்பது வழக்கம். பச்சை முட்டை. சைவக்காரர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிளடி மேரியில் ஊற்றும் வூஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன் இருக்கும். ஓர்ஷா என்ற பாகு பாதாமிலிருந்து வருகிறது. கொட்டை வகை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆபத்து. கொலஸ்ட்ராலுக்குச் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பம்ளிமாஸ் மாதிரியான கிரேப்ஃப்ரூட் சாறு ஆகாது, அந்தச் சாறு காக்டெயில்களில் அடிக்கடி வரும். குடிப்பதே இல்லை என்றாலும் சொல்லுங்கள். இஞ்சி, தேன், எலுமிச்சை, சோடா என்று அதே அக்கறையோடு ஒன்று வரும். அதற்கு முகம் சுளிக்கும் பார் நல்ல பார் இல்லை.

சொல்லி முடித்த பிறகு வேடிக்கை பார்க்க வேண்டிய நேரம். பார்டெண்டர் கையில் இரண்டு பக்கமும் கிண்ணம் உள்ள ஒரு உலோக அளவை இருக்கும், ஜிகர் என்று பெயர். எவ்வளவு அனுபவசாலியானாலும் கண்ணளவில் ஊற்ற மாட்டார். 22 மில்லி எலுமிச்சை 30 ஆனால் பானம் வேறு என்பதால் இந்தக் கறார். பெட்ராஸ்கியின் பிடிவாதங்களில் இதுவும் ஒன்று. அப்புறம் ஷேக்கர். சாறு, முட்டை ஏதாவது இருந்தால் குலுக்குவார்கள். வெறும் மது வகைகள் மட்டும் என்றால் நீளக் கரண்டியால் சத்தமில்லாமல் கலக்குவார்கள். குலுக்கினால் காற்றுக் குமிழி ஏறிக் கலங்கலாகும். கலக்கினால் கண்ணாடி மாதிரித் தெளிவாக, நாக்கில் கொஞ்சம் எண்ணெய் போல வழுக்கும். பத்துப் பதினைந்து விநாடி குலுக்குவது குளிர்விக்க மட்டும் இல்லை. ஐஸ் உருகித் தண்ணீர் சேர வேண்டும். கிளாஸுக்கு வந்து சேரும் பானத்தில் கால்பங்குக்கு மேல் அந்தத் தண்ணீர்தான். 1806 பத்திரிகை தண்ணீரையும் ஒரு பொருளாக எண்ணியது சும்மா இல்லை.

ஐஸைப் பற்றி ஒரு வார்த்தை. கிளாஸில் விழும் அந்தப் பெரிய ஒற்றைக் கட்டிக்குள் வெண்மையே இருக்காது. பின்னாலிருக்கும் விரல் தெரியும். வீட்டு ஃப்ரீசரில் எல்லாப் பக்கமும் உறைவதால் காற்று நடுவில் மாட்டிக்கொண்டு வெளுக்கிறது. ஒரே பக்கத்திலிருந்து மெதுவாக உறையவிட்டால் காற்றும் அழுக்கும் எதிர்ப்பக்கம் ஒதுங்கிவிடும், அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிடலாம். பெரிய கட்டி மெதுவாக உருகும் என்பதுதான் பயன். அழகுக்காகவும்தான், இல்லையென்று சொன்னால் பொய்.

இந்தப் பழக்கங்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் திரும்பவும் மில்க் அண்ட் ஹனிக்கே போக வேண்டும். ஈஸ்ட் வில்லேஜில் இருந்த ஏஞ்சல்ஸ் ஷேர் என்ற ஜப்பானிய பாணிப் பாரின் அமைதி பெட்ராஸ்கிக்குப் பிடித்திருந்தது. 1999 டிசம்பர் 31 இரவு தன் பாரைத் திறந்தார். மேலே குடியிருப்பவர்களுக்குத் தொந்தரவு வரக்கூடாது என்பதால் சத்தம் ஆகாது. போன் நம்பரை ஊருக்குச் சொல்லவில்லை. சில விதிகளை எழுதியே வைத்தார்: கூச்சல் கூடாது, பெரிய மனிதர்களின் பெயரைச் சொல்லிப் பந்தா பண்ணக் கூடாது, ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும், அறிமுகமில்லாத பெண்களிடம் ஆண்கள் தாமாகப் போய்ப் பேச்சுக் கொடுக்கக் கூடாது. உங்கள் வீட்டில் தனியே விட்டுவிட்டுப் போகத் தயங்கும் ஆளை இங்கே கூட்டிவராதீர்கள் என்று ஒரு விதி. எனக்குப் பிடித்தது அதுதான்.  அந்த இடத்தை அவர் பிறகு சாம் ராஸ், மைக்கேல் மக்கில்ராய் என்ற தன் பார்டெண்டர்கள் இருவரிடம் விட்டுப்போனார். அவர்கள் திறந்ததுதான் அட்டாபாய். 2015 ஆகஸ்டில், 42 வயதில் பெட்ராஸ்கி இறந்தார். இறந்த ஊர் ஹட்சன். காக்டெயிலுக்கு முதல் விளக்கம் அச்சான அதே ஹட்சன்.

காசு விஷயம். நியூயார்க்கில் இப்படி ஒரு பானம் 20 டாலரைச் சுற்றி இருக்கும். மேலே 8.875 சதவீத விற்பனை வரி. அதற்கும் மேலே டிப்ஸ் சுமார் 20 சதவீதம். இது அங்கே தர்மம் இல்லை, பார்டெண்டரின் சம்பளத்தில் ஒரு பங்கு. கணக்குப் போட்டால் ஒரு கிளாஸ் 25 டாலரைத் தாண்டிவிடும். மெனு இல்லாத இடத்தில் விலையும் கண்ணில் படாது, அதனால் ஒன்று எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். 21 வயது முடிந்திருக்க வேண்டும். தலை நரைத்தவர்களிடமும் அடையாள அட்டை கேட்பார்கள், சுற்றுலா போனவர்கள் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருப்பது நல்லது.

அளவையும் சொல்லிவிடுகிறேன். 40 சதவீத மது 60 மில்லி என்றால் அதில் சுத்த ஆல்கஹால் 24 மில்லி, எடையில் சுமார் 19 கிராம். அமெரிக்காவில் ஒரு டிரிங்க் என்று கணக்கிடுவது 14 கிராமை. எலுமிச்சையும் தேனும் மறைத்துவிடுவதால் தெரியாது, ஆனால் இரண்டு சவர் என்பது கிட்டத்தட்ட மூன்று டிரிங்க். நான் இரண்டோடு எழுந்துவிடுவேன். வண்டி எடுத்துப் போவதில்லை.

வந்தது பிடிக்கவில்லையென்றால்? இரண்டு வாய் குடித்துவிட்டுச் சொல்லுங்கள். பாதி காலியான பிறகு சொல்வதுதான் அழகில்லை. "நன்றாக இல்லை" என்பதைவிட "எனக்குப் புகை வாசம் தூக்கலாக இருக்கிறது" என்றால் அவருக்கு எதைத் திருத்துவது என்று தெரியும். மெஸ்கல் விழுந்த அன்று நான் வீம்புக்கு முழுதும் குடித்தேன். பார்டெண்டர் கவனித்திருந்தார் போல. கிளாஸை எடுக்கும்போது அவரே "இது உங்களுக்கு இல்லை, இல்லையா?" என்றார். அதற்குப் பிறகு வெகு நேரம் பேசினோம். மாங்காய், புளி, மோர்மிளகாய் என்று எனக்குத் தெரிந்த மொழியில் சொன்னேன். மோர்மிளகாயை விளக்கவே ஐந்து நிமிஷம் ஆனது. அடுத்து வந்ததைக் குடித்துவிட்டு, என்னென்ன போட்டீர்கள் என்று கேட்டுப் போனில் குறித்துக்கொண்டேன். பிடித்த எதையும் அப்படிக் குறித்துவையுங்கள். அடுத்த பாரில் அந்தக் குறிப்பைக் காட்டினால் அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம். என் குறிப்பு இன்னும் இருக்கிறது: டெக்கிலா 60, எலுமிச்சை 22, தேன் பாகு 15, ஒரு துண்டு பச்சை மிளகாய் நசுக்கி, கிளாஸ் விளிம்பில் பாதிக்கு மட்டும் உப்பு.